பழைய மரமும் பாதுகாப்பான தச்சு வேலையும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் முன்னோர் மொழி. இம்மொழி மரத்திற்கும் நன்கு பொருந்தும். மரம் உயிரோடு நிற்கும்போது நிழலும், காயும், கனியும் தருகிறது. இது அதன் முதல் வாழ்வு. வெட்டப்பட்டபின் உத்திரமாகவும், கதவாகவும், கட்டிலாகவும் நமக்குப் பயன்படுகிறது. இது அதன் இரண்டாம் வாழ்வு. அந்த வீடு பழுதடைந்து இடிக்கப்படும்போதும் மரத்தின் பயன் முடிந்துவிடுவதில்லை. பழைய மரக்கடைக்குச் சென்று, தச்சர் கைக்கு வந்து, மேசையாகவோ புத்தக அலமாரியாகவோ மீண்டும் பிறக்கிறது. இதை மரத்தின் மூன்றாம் வாழ்வு எனலாம்.

இந்த மூன்றாம் வாழ்வு சிக்கனமானது, சிறப்பானது. ஆயினும் அதில் சில ஆபத்துகள் மறைந்திருக்கின்றன. அவை மரம் தானாகக் கொண்டுவந்தவை அல்ல. இரண்டாம் வாழ்வில் மனிதன் அதில் அடித்தவையும், பூசியவையும், ஊட்டியவையுமே அவை. ஆகவே பழைய மரத்தைக் கையில் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது என்ன மரம்?" என்பது மட்டுமன்று, "இது இதுவரை என்னவாக இருந்தது?" என்பதும் ஆகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய மரத்தின் பெருமை

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வதே முறை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள தூண்களும், நிலைகளும், கதவுகளும் பெரும்பாலும் பர்மாத் தேக்கினால் ஆனவை. நகரத்தார் பர்மாவில் வாணிபம் செய்த காலத்தில் கப்பலில் வந்திறங்கிய மரங்கள் அவை. அவ்வீடுகளில் சில இடிக்கப்படும்போது அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய தேக்கு இன்று புதிதாகக் கிடைப்பது அரிது.

பழைய மரம் பல ஆண்டுகள் காய்ந்து பதப்பட்டிருப்பதால் எளிதில் வளையாது, வெடிக்காது. பழைய மரத்தைப் பயன்படுத்தினால் புதிய மரம் ஒன்று காட்டில் நிற்கும். ஏழை எளியவரும் குறைந்த விலையில் நல்ல பலகை வாங்க இயலும். எனவே, "பழைய மரமே வேண்டாம்" என்று கூறுவது அறிவுடைமை ஆகாது. அதைப் பயன்படுத்தும் முறையை அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

ஆணி என்னும் ஒளிந்திருக்கும் பகைவன்

எங்கள் பெரியப்பா தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் நான் அங்குச் செல்வதுண்டு. பழைய பலகை எது வந்தாலும் அவர் உடனே ரம்பத்தை எடுப்பதில்லை. பலகையைத் தண்ணீர்த் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்து வைத்து, நான்கு பக்கமும் கையுறையோடு தடவிப் பார்ப்பார். "ஏம்மா, மரம் ஒருநாளும் பொய் சொல்லாது. நாமதான் அதைப் படிக்கத் தெரிஞ்சுக்கணும்" என்பார். மரத்தைப் படிப்பது எப்படி என்று நான் கேட்டபோது, ஒரு நிலைச்சட்டத்தில் இருந்த கருநீலக் கறை ஒன்றைக் காட்டினார். "இந்தக் கறைக்கு அடியிலே ஆணி இருக்கு" என்றார். குறடு கொண்டு தோண்டியபோது தலை ஒடிந்த ஆணி ஒன்று வெளியே வந்தது. மரத்தில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேரும்போது இக்கறை உண்டாகிறது என்பதைப் பின்னர் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டறிந்தேன்.

ஒளிந்திருக்கும் ஆணியால் என்ன கேடு? இழைப்புளியின் வாய் மழுங்கும். அது சிறு இழப்பே. சுழலும் வட்ட ரம்பம் ஆணியில் மோதினால் அதன் பல் உடைந்து தெறிக்கக்கூடும். பலகை ரம்பத்தில் சிக்கி, வேலை செய்பவரை நோக்கி வேகமாக எறியப்படவும் கூடும். தெறிக்கும் இரும்புத் துண்டுக்கு நம் கண் எம்மாத்திரம்? ஆதலால் கண்ணாடி அணியாமல் பழைய மரத்தை அறுக்கக் கூடாது. பலகையின் மேல் காந்தத்தை மெல்ல நகர்த்திப் பார்த்தால் மேலாக உள்ள இரும்பாணி தெரிந்துவிடும். ஆனால் பித்தளைத் திருகாணியைக் காந்தம் காட்டாது. அதற்குக் கூர்ந்த பார்வை வேண்டும். உலோகம் காட்டும் கருவியும் உதவும். நிலைச்சட்டத்தின் அடிப்பகுதியில் சிமெண்டும் கல்லும் ஒட்டியிருப்பதுண்டு. அதைச் சுரண்டி எடுத்த பிறகே அறுக்க வேண்டும்.

ஆணி குத்தினால் வரக்கூடிய ரணஜன்னியைப் பற்றியும் இங்குக் கூற வேண்டும். துருப்பிடித்த ஆணியின் துருவே ரணஜன்னிக்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகை நுண்ணுயிரே அதற்குக் காரணம். ஆணி அதனை ஆழமான காயத்திற்குள் கொண்டு செல்கிறது. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் அது பெருகி, நஞ்சை உண்டாக்குகிறது. தாடை இறுகி, உடல் வில்லாக வளையும் கொடிய நோய் அது. ஆயினும் தடுப்பூசியால் அதனை முற்றிலும் தடுக்கலாம். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஊசி போடப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தோழியரே! நமக்கு 16 வயது நெருங்குகிறது. அந்த ஊசியை மறவாதீர்கள். தடுப்பூசி போட்டிருந்தாலும், ஆணி குத்தினால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அழகிய வண்ணத்தில் அடங்கிய காரீயம்

பழைய கதவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு பூச்சுகள் இருப்பதைக் காணலாம். மேலே பழுப்பு, அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம் என்று அடுக்கடுக்காக இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அடியில் செல்லச் செல்லப் பூச்சின் வயது கூடுகிறது. பழைய பூச்சுகளில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. வண்ணம் பளிச்சென்று இருக்கவும், விரைவில் உலரவும், நீண்ட நாள் உழைக்கவும் அக்காலத்தில் காரீயச் சேர்மங்களைச் சேர்த்தனர்.

காரீயத்தின் தீமையை உலகம் நேற்று அறிந்ததன்று. 1921-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, காரீய வெள்ளைப் பூச்சைக் கட்டுப்படுத்த ஓர் உடன்படிக்கை செய்தது. அமெரிக்காவில் 1978-இல் வீடுகளுக்கான காரீயப் பூச்சு தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் 2016-இல் விதிகள் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி வீட்டுப் பூச்சுகளில் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தல் கூடாது. அதற்கு முன் பூசப்பட்ட கதவுகள் எத்தனை ஆயிரம் நம் ஊர்களில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

சுவரிலும் கதவிலும் அசையாமல் இருக்கும் வரை இப்பூச்சினால் பெருந்தீங்கு இல்லை. உப்புத்தாள் கொண்டு உலர்ந்த நிலையில் தேய்க்கும்போதுதான் அது தூளாகிக் காற்றில் கலக்கிறது. ஊதுவிளக்கினால் கருக்கிச் சுரண்டும்போது புகையாகவும் மாறுகிறது. மூச்சின் வழியாகவும், கழுவாத கையின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. நம் உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேமித்து வைக்கிறது. கருவுற்ற தாயின் உடலில் இருந்தால் கருவிலுள்ள குழந்தையையும் அடைகிறது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் அதனை மிகுதியாக ஏற்றுக்கொள்கிறது. வளரும் மூளையைப் பாதித்து, கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்திற்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. தேய்க்கும் வேலையைச் செய்பவர் தந்தையாக இருப்பார். துன்பம் அடைவது வீட்டிலிருக்கும் மழலையாக இருக்கும். மாலையில் சட்டையில் தூளோடு வீடு திரும்பும் தந்தையை நோக்கி, குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அன்பினால் தூக்கி அணைக்கும் அந்தக் கைகளே தம்மையறியாமல் நஞ்சைக் கொடுத்துவிடுகின்றன. வேலை முடிந்ததும் கைகால் கழுவி, உடை மாற்றி, அவ்வுடையைத் தனியே துவைத்தால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். எவ்வளவு எளிய செயல்!

மருந்து ஊட்டிய மரங்கள்

கறையானும் பூஞ்சையும் தாக்காமல் இருக்கச் சில மரங்களுக்கு மருந்து ஊட்டுவதுண்டு. இவற்றுள் முதலாவது, பழைய இரயில் பாதைகளில் போடப்பட்ட குறுக்குக் கட்டைகள். இப்போது பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகளே போடப்படுகின்றன. கழற்றப்பட்ட பழைய மரக்கட்டைகள் விலைக்கு வந்து, தோட்டத்துப் படியாகவும் இருக்கையாகவும் மாறுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் கிரியோசோட் என்னும் எண்ணெய் ஊட்டப்பட்டிருக்கும. கரிய நிறமும், வெயிலில் கிளம்பும் தார் நாற்றமும் இதன் அடையாளங்கள். தோலில் பட்டபின் வெயில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களும் இதில் உள்ளன. இக்கட்டையை வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது.

இரண்டாவது வகை, செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்து ஊட்டப்பட்ட மரம். இதனைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் என்பவரே 1933-இல் இதனைக் கண்டறிந்தார். 'ஆஸ்கு' என்று இதற்குப் பெயர். வேதியியல் பாடத்தை நினைவுகூருங்கள்: ஆர்செனிக்கின் குறியீட்டையும் செம்பின் குறியீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இப்பெயர் கிடைக்கும்! மரத்தின் ஆயுளைப் பன்மடங்கு கூட்டிய அரிய கண்டுபிடிப்பு இது. மின்கம்பங்களுக்கும், தொழிற்சாலைகளில் நீரைக் குளிர்விக்கும் கோபுரங்களின் மரச்சட்டங்களுக்கும் இம்மருந்து பயன்பட்டது. ஆனால் கம்பமாக நிற்கும் வரை நன்மை செய்த மரம், அறுபட்டு நம் வீட்டுக்குள் வந்தால் தீமை செய்யக்கூடும். ஆர்செனிக் என்பது பாடாணம் அன்றோ? அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்து ஊட்டுவது நிறுத்தப்பட்டது. புதிதாக இருக்கையில் இம்மரத்தில் இலேசான பச்சை சாயல் இருக்கும். நாள்பட்டபின் சாயல் மறைந்துவிடுவதால் கண்ணால் மட்டும் கண்டறிவது கடினம்.

அடுப்பும் சாம்பலும்

தச்சு வேலையில் மிஞ்சும் துண்டுகளை நாம் என்ன செய்கிறோம்? வெந்நீர் அடுப்பில் போடுகிறோம். மரத்தூளை வாங்கி அடுப்பில் அடைத்து எரிப்பவர்களும் உண்டு. "ஒன்றையும் வீணாக்காதே" என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் பூச்சு உள்ள மரத்திலும், மருந்து ஊட்டிய மரத்திலும் இச்சிக்கனம் பெருந்தீங்காக முடியும்.

இதற்கு 1984-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு நிகழ்ச்சி சான்றாகும். விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் வாழ்ந்து வந்தது. குளிர்காலம் வந்தால் அவர்கள் அனைவரும் நோயுறுவர், தலைமுடி உதிரும். கோடை வந்தால் தேறுவர். காரணம் யாதென ஆராய்ந்தபோது, வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் அவர்கள் எரித்துவந்தது ஆர்செனிக் மருந்து ஊட்டிய மரத்துண்டுகள் என்பது தெரியவந்தது. மரம் எரிந்தாலும் ஆர்செனிக் அழிவதில்லை. ஒரு பகுதி புகையோடு சென்றது. மீதி சாம்பலில் தங்கியது.

அந்த நாட்டினர் சாம்பலைக் கொட்டிவிடுவர். நாமோ சாம்பலால் பாத்திரம் துலக்குகிறோம்; கீரைப் பாத்தியில் தூவுகிறோம்; கோழி அடையும் இடத்தில் பரப்புகிறோம். ஆகவே நஞ்சுள்ள சாம்பல் நம் வீட்டில் சோற்றுத் தட்டு வரை வந்துவிடும். காரீயப் பூச்சுள்ள கதவுத் துண்டுகளுக்கும் இதுவே பொருந்தும். காரீயமும் நெருப்பில் அழிவதன்று. தாய்மார்கள் இப்பகுதியைச் சிறப்பாக நினைவில் கொள்ளும்படி வேண்டுகிறேன். பூச்சோ மருந்தோ இல்லாத மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அடுப்பில் இடலாம்.

கப்பலில் வந்த பெட்டிப் பலகைகள்

வெளிநாட்டுச் சரக்குகளோடு வரும் பைன் மரப் பெட்டிகளும், சரக்கை அடுக்கும் பேலட் கட்டைகளும் துறைமுக நகரங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் நாற்காலி, செடித்தொட்டி முதலியன செய்வது இப்போது பெருகிவருகிறது. மரத்தோடு பூச்சிகள் நாடு விட்டு நாடு செல்லாமல் தடுக்க 2002-இல் பன்னாட்டு விதி ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி பலகையில் கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டின் குறியீடும், பதப்படுத்திய முறையின் இரண்டு எழுத்துகளும் முத்திரையிடப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகள் 'எச்.டி.' என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடங்கள் ஏற்றப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' என்று இருந்தால் மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தப்பட்டது என்று பொருள். இரண்டாவது வகையை வீட்டுப் பொருள்களுக்குத் தவிர்ப்பதே நல்லது.

முத்திரை எதுவாயினும், அப்பெட்டியின்மேல் எந்தச் சரக்கு சிந்தியது என்பதை முத்திரை கூறாது. எண்ணெய்க் கறையோ, மருந்து நாற்றமோ இருந்தால் அப்பலகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூச்சில் கலக்கும் மரத்தூள்

பூச்சும் மருந்தும் இல்லாத தூய மரத்திலும் ஓர் ஆபத்து உண்டு. அதுதான் மரத்தூள். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊர் நாற்காலி, மேசை செய்வதற்குப் பெயர் பெற்றது. 1960-களில் அவ்வூரில் பணியாற்றிய எஸ்மே ஹாட்பீல்டு என்ற பெண் மருத்துவர், மூக்கினுள் அரிதாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் மரவேலை செய்வோரிடையே அடிக்கடி காணப்படுவதைக் கவனித்தார். அதன்பின் நடந்த ஆய்வுகள் அவர் ஐயத்தை உறுதி செய்தன. 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு மருத்துவரின் கூர்ந்த பார்வை எத்தனை தொழிலாளர்களுக்கு நன்மை செய்திருக்கிறது, பாருங்கள்!

ஒருநாள் மரத்தூளை முகர்ந்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பல்லாண்டுகள் தூளிலேயே வேலை செய்வோர்க்கே இந்த அச்சம். ஆனால் தும்மல், கண் எரிச்சல், ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவை விரைவிலேயே வரலாம். பழைய மரம் நன்கு காய்ந்திருப்பதால் அதன் தூள் நுண்மையாகப் பறக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பெரிய தூளைத் தடுக்குமேயன்றி நுண்தூளைத் தடுக்காது. கொரோனாக் காலத்தில் நாம் அறிந்துகொண்ட 'என்-95' முகக்கவசமே இதற்கும் ஏற்றது. தேய்க்கும் இடத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்வதும், தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் நல்ல பழக்கங்கள்.

உளுத்த மரமும் ஒளியும் பூச்சிகளும்

வெளியே திடமாகத் தோன்றும் பழைய பலகை உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். குண்டூசித் தலை போன்ற சிறு துளைகளும், அவற்றிலிருந்து மாவு போல் கொட்டும் தூளும் வண்டு அரித்ததற்கு அடையாளங்கள். மண் படிந்த வரிகள் கறையானின் அடையாளங்கள். தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று ஒலிக்கும். திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும். அத்தகைய மரத்தில் பரணோ, ஏணியோ, ஊஞ்சலோ செய்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டுமா? மேலும் அரிக்கும் வண்டு நம் வீட்டின் நல்ல மரங்களுக்கும் பரவும்.

நெடுநாள் அடுக்கிக் கிடக்கும் மரங்களில் தேளும் பூரானும் குடியிருக்கும். சில நேரங்களில் பாம்பும் இருக்கும். ஆதலால் வெறுங்கையால் இழுக்காமல், கோலால் தட்டிய பின், கையுறையும் செருப்பும் அணிந்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

நம் பள்ளியின் கதவுகள்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். நம் பள்ளியின் பழைய வகுப்பறைக் கட்டடத்தைப் பிரித்தபோது எடுத்த கதவுகளும் ஜன்னல்களும் விடுதியின் பின்புறம் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. நல்ல தேக்கு மரம். அவற்றைக் கொண்டு நூலகத்திற்குப் புத்தக அலமாரிகள் செய்யலாம் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்கள் காலை வணக்கத்தின்போது கூறியதைக் கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். நம் அக்காமாரும், நம்முள் பலருடைய அன்னையரும் திறந்து மூடிய கதவுகள், இனி நம் தங்கைமார் படிக்கும் புத்தகங்களைத் தாங்கப் போகின்றன. இதைவிட நல்ல மூன்றாம் வாழ்வு ஒரு மரத்திற்கு ஏது?

அக்கதவுகளில் பச்சைப் பூச்சு பல அடுக்காக உரிந்து நிற்கிறது. அது எப்போது பூசப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, வேலை தொடங்குமுன் பூச்சில் சிறிதளவைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிக் காரீயம் உள்ளதா என்று அறிய வேண்டும். இரண்டாவது, முடிவு தெரியும் வரை அதனைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் அங்கு விளையாடாதவாறு தார்ப்பாய் கொண்டு மூடி வைக்க வேண்டும். மூன்றாவது, உடைந்த சட்டங்கள் விடுதியின் வெந்நீர் அடுப்புக்குச் செல்லக் கூடாது. எங்கள் கைத்தொழில் வகுப்பு சிஸ்டரிடம் இவற்றைச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, இதை மலரிலேயே எழுதிடும்மா. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்கள். அதன் பயனே இக்கட்டுரை.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மரம் எங்கிருந்து வந்தது, என்னவாக இருந்தது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். விடை கிடைக்காத மரத்தில் தொட்டில், விளையாட்டுப் பொருள், காய்கறி நறுக்கும் பலகை ஆகியவற்றைச் செய்யக் கூடாது.

2. கறை, நாற்றம், நிறம், துளை ஆகிய நான்கையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

3. அறுக்குமுன் ஆணிகளை எல்லாம் பிடுங்க வேண்டும். பிடுங்கிய ஆணியைத் தரையில் போடாமல் டப்பாவில் போட வேண்டும்.

4. கண்ணாடி, முகக்கவசம், உறுதியான செருப்பு ஆகியவை இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. மரம் தூக்கும்போது கையுறை வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறையும், தொங்கும் தாவணியும், அவிழ்ந்த பின்னலும் ஆகா.

5. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது; நெருப்பால் கருக்கவும் கூடாது.

6. வேலை செய்யும் இடத்தில் உண்ணுதலும் பருகுதலும் கூடாது. சிறு குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அங்கே அனுமதிக்கக் கூடாது.

7. வேலை முடிந்ததும் கை, முகம் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்க வேண்டும்.

8. பூச்சு அல்லது மருந்து உள்ள மரத்துண்டை எரிக்கக் கூடாது.

முடிவுரை

இக்கட்டுரையைப் படித்து எவரும் பழைய மரத்தைக் கண்டு அஞ்சி ஓட வேண்டாம். மரம் நமக்குப் பகை அன்று; அறியாமையே பகை. ஒரு பலகையைத் துடைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு முகக்கவசம் வாங்கச் சில ரூபாய் போதும். போன கண்ணையும், குன்றிய குழந்தையின் அறிவையும் எவ்வளவு செலவிட்டாலும் திரும்பப் பெற இயலாது.

தோழியரே, உங்கள் வீட்டிலோ உறவிலோ மரவேலை செய்பவர் இருந்தால் இப்பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கைத்திறன் நமக்கு வராது. நாம் படித்த அறிவை அவர்களோடு பகிர்ந்துகொள்ளலாமே! வெள்ளம் வருமுன் அணை போடுவோம். பழைய மரத்திற்கு நல்லதொரு மூன்றாம் வாழ்வு கொடுப்போம். அதனைச் செதுக்கும் கைகளும் நெடுநாள் நலமுடன் வாழ வகை செய்வோம்.